போகிறவரும் வருகிறவரும்

(வரலாற்றுத் துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தியிருக்கிறேன். கேள்வி நேரத்தில் எழுந்த இரண்டு விஷயங்களை உரிய இடங்களில் சேர்த்துக்கொண்டேன்.)



இந்த அறக்கட்டளையின் மூலத்தொகை ஓர் ஆசிரியர் தம் பணிக்கொடையிலிருந்து ஒதுக்கி வைத்தது என்று அழைப்பிதழோடு வந்த கடிதத்தில் எழுதியிருந்தார்கள். சோழர் கால ஊர்ச்சபைகளைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டு சுருக்கமும் அனுப்பியிருந்தேன். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு தலைப்பை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டேன். ஓர் ஆசிரியரின் ஓய்வுப் பணத்தில் நடக்கிற சொற்பொழிவில், அண்மையில் ஓய்வு பெற்ற இன்னோர் ஆசிரியன் ஓய்வைப் பற்றியே பேசுவது பொருத்தம் என்று பட்டது. துறைத்தலைவர் தாராளமாக இசைந்தார். ஊர்ச்சபைகளை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவை ஆயிரம் ஆண்டு காத்திருந்தவை, இன்னும் ஓராண்டு காத்திருக்கும்.

ஓய்வு என்றால் நம்மிடம் இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. பிரிவு உபசார விழாவில் பேசுகிற பாராட்டு ஒன்று. ஓய்வு பெற்ற மறுமாதம் முதல் காலை நடையில் பேசுகிற புலம்பல் இன்னொன்று. இரண்டையும் விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது இதுதான்: நம் பல்கலைக்கழகங்களில் ஒரு பணியிடத்திலிருந்து போகிறவரும் அந்த இடத்துக்கு வருகிறவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. முன்னவர் போய்ப் பல ஆண்டு கழித்துத்தான் பின்னவர் வருகிறார், வந்தால். இருவரும் சில காலமாவது ஒரே துறையில் சேர்ந்திருக்க வழி செய்யாவிட்டால், ஒவ்வொரு ஓய்வின்போதும் துறை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

1. கடைசி நாளில் கேட்பவையும் கேட்காதவையும்

தமிழ்நாட்டில் மே 31 அன்று ஓய்வு பெறுகிறவர்கள் ஏன் அத்தனை பேர் என்று இளைஞர்கள் வியக்கலாம். என் வயதுக்காரர்களுக்குக் காரணம் தெரியும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப் போன தாய்க்குப் பிறந்த தேதி நினைவிருக்காது. 'பெரிய மழை பெய்த வருஷம், ஆடிக்கு முன்னே' என்பாள். ஜூன் மாதச் சேர்க்கைக்கு ஐந்து வயது நிரம்பியிருக்கும்படி தலைமையாசிரியர் மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். எனக்கும் அப்படிப் போட்ட தேதிதான். என் ஓய்வு நாளை எந்த அரசாணைக்கும் முன்பே எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர் முடிவு செய்துவிட்டார்.

கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வயதை எட்டும் ஆசிரியருக்கு ஆண்டு முடியும்வரை மறுநியமனம் தரும் வழக்கம் நம் மாநிலத்தில் உண்டு. பாடம் பாதியில் அறுபடக் கூடாது என்ற நல்ல எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த எண்ணத்தைப் பாடத்தோடு நிறுத்திக்கொண்டோம் என்பது என் குறை. ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் பாடம் மட்டுமா நடத்துகிறார்?

ஓய்வூதியக் கருத்துரு அனுப்புவதற்கு முன் 'நோ டியூஸ்' வாங்க வேண்டும். நூலகம், கணினி மையம், விடுதி, பண்டக சாலை, கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் என்று ஒவ்வொரு மேசையாகக் கையெழுத்துக்கு நிற்க வேண்டும். தணிக்கைத் தடை ஏதேனும் நிலுவையில் இருந்தால் அதற்கும் விளக்கம் எழுத வேண்டும். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. பொதுப்பணத்தில் வாங்கிய பொருளுக்குக் கணக்கு கேட்கத்தான் வேண்டும். எங்கள் துறையின் இருப்புப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே இருந்தவை: கை வைத்த மர நாற்காலி ஒன்று, இரும்பு பீரோ பெரியது ஒன்று, மேசை மின்விசிறி ஒன்று, பழுது. நாற்காலி இருந்தது. பழுதான மின்விசிறியும் பழுது குறையாமல் இருந்தது. பீரோவை மட்டும் காலி செய்து ஒப்படைக்கச் சொன்னார்கள்.

அந்த பீரோவுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே கோயில் கோயிலாகப் போய் எடுத்த கல்வெட்டு மைப்படிகள் சுருட்டி வைத்திருந்தன. களக் குறிப்பேடுகளும் பழைய ஷூ பெட்டிகளில் அடுக்கிய குறிப்பட்டைகளும் இருந்தன. ஓர் அட்டையை எடுத்து வந்திருக்கிறேன், பின் வரிசையில் இருப்பவர்கள் பிறகு வந்து பாருங்கள். இடது மூலையில் ஊர்ப்பெயர். வலது மூலையில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும். நடுவில் கல்வெட்டில் வரும் நில அளவுகளும் கையெழுத்திட்டோர் பெயர்களும். அடியில் பென்சிலால் ஒரு வரி: 'அர்த்தமண்டபத் தென்சுவர். மூன்றாம் வரி பிடிபடவில்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது மறுபடி பார்க்க.'

மேலே மையால் எழுதியிருப்பதைப் பாதிக்கு மேல் அச்சிட்ட தொகுதிகளில் தேடி எடுத்துவிடலாம். பென்சில் வரி எங்கும் கிடைக்காது. எந்தச் சுவர், எந்த நேரம், எந்த எழுத்தில் ஐயம், எந்த ஊரில் சாவி யாரிடம் இருக்கும், எந்தக் கல் தளத்துக்கு அடியில் புதைந்துபோயிற்று என்பவைதான் அடுத்து வருகிறவருக்கு வேண்டியவை. நான் குறித்த கோயிலில் பின்னர் திருப்பணி நடந்தது. சுவரைச் சுத்தம் செய்ய மணல் வீசினார்கள். மூன்றாம் வரி இப்போது கல்லிலேயே மழுங்கிவிட்டது. இனி அந்த வரியைப் படிக்க என் பழைய மைப்படியைத் தவிர வேறு வழி இல்லை.

மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட்டபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். மகிழ வேண்டியதுதான். வேறு மாநிலத்தில் அரசு அலுவலகத்தில் இருந்த படிகளுக்காக வழக்காடினோம். அடுத்த அறை பீரோவில் இருக்கும் படிகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அட்டைகள் பீரோவை விட்டு வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் துறையிலேயே சான்று உண்டு. நொபோரு கராஷிமா, எ. சுப்பராயலு, மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். அதற்குப் பின் சோழர் அரசு பற்றி எழுதிய எவரும் அதைத் தொடாமல் போக முடியவில்லை. மூவர் சேர்ந்து தொகுத்து அச்சிட்டதால் அது பொதுச்சொத்து ஆயிற்று.

2. கும்பகோணம், 1880

ஒருவர் தம் பணியைச் சரியாகக் கைமாற்றிவிட்டுப் போனதற்குத் தமிழில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முந்தையது. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியாருக்கு உடல்நலம் குன்றியது. ஓய்வு பெற நினைத்தார். மனு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் திருவாவடுதுறைக்குப் போனார். அங்கே ஆதீனத்தில் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். செட்டியாருக்கு ஆசிரியராக இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமே படித்தவர். ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகருக்கு அந்த இளைஞரை அனுப்ப மனமில்லை. செட்டியார் விடவில்லை, பேசிப் பேசி இசையவைத்தார். கல்லூரியில் இருந்தவர்கள் இளைஞரைச் சோதித்துப் பார்த்தார்கள். 1880 பிப்ரவரியில் மாதம் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் அவரை நியமித்தார்கள். உ.வே. சாமிநாதையர் கல்லூரி ஆசிரியரான கதை இது.

இந்தக் கதையைக் குருபக்திக்கும் நட்புக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். ஒரு வரலாற்று மாணவனாக எனக்கு அதன் காலக்கணக்கு முக்கியமாகப் படுகிறது. பிப்ரவரியில் வேலை. அதே ஆண்டு அக்டோபரில் கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்கிறார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று பட்டியல் போடுகிறார். முதலியாருக்கு அந்தப் பட்டியல் போதவில்லை; சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அங்கிருந்து தொடங்கியதுதான் 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பு, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை.

செட்டியாரின் இடம் மூன்று நான்கு ஆண்டு காலியாகக் கிடந்திருந்தால்? 'விளம்பரம் செய்து, விண்ணப்பம் பெற்று, வழக்கு முடிந்து' ஐயர் 1884இல் வந்திருந்தால்? அந்தச் சந்திப்பு எப்போது, எங்கே நடந்திருக்கும், நடந்திருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்படி 'நடந்திருந்தால்' என்று கேட்பது வரலாற்று ஆசிரியருக்கு அழகில்லை என்று என் மாணவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். இன்று ஒரு நாள் எனக்கு விலக்கு அளியுங்கள்.

3. செட்டியாரின் வழி நமக்கு ஆகாது

இங்கே ஒரு மறுப்பு எழும். கேள்வி நேரத்தில் ஆய்வு மாணவி ஒருவர் அதை மிகக் கூர்மையாகவே கேட்டார்: 'போகிறவர் தனக்குத் தெரிந்த ஆளை உட்காரவைத்துவிட்டுப் போவதைத்தானே சிபாரிசு என்கிறோம்?'

சரியான கேள்வி. செட்டியார் கொண்டுவந்தவர் தம் ஆசிரியரிடம் படித்தவர், ஆதீனத்து வட்டத்தில் இருந்தவர். அந்த வட்டத்துக்குள் அன்று யாரால் நுழைய முடிந்தது, யாரால் முடியவில்லை என்பது நமக்குத் தெரியும். ஐயர் வந்ததால் தமிழுக்கு ஆக்கம் கிடைத்தது என்பதற்காக அந்த முறையே நல்ல முறை என்று ஆகிவிடாது. இன்று 69 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது, இனச்சுழற்சி இருக்கிறது, தேர்வுக்குழு இருக்கிறது. இவை போராடிப் பெற்றவை. இவற்றில் ஓட்டை போடும் எந்த யோசனைக்கும் நான் துணை போக மாட்டேன்.

எனக்குப் பின் வருகிறவர் யார் என்பதில் எனக்கு எந்தச் சொல்லும் வேண்டாம். அவர் என் மாணவராக இருக்க வேண்டியதில்லை. என் கருத்துகளை ஏற்க வேண்டியதும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார் இருந்த வரலாற்றுப் பேராசிரியர் இடத்துக்கு 1929இல் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி வந்தார். முன்னவர் எழுதியதை மறுபடி எழுதிக்கொண்டிருந்தால் சாஸ்திரியின் சோழர் வரலாறு நமக்குக் கிடைத்திருக்காது. நான் கேட்பது, தேர்வுக்குழு யாரைத் தேர்ந்தெடுத்தாலும் அவரை நான் போவதற்கு முன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மட்டுமே. வந்தவர் என் அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு 'இதெல்லாம் எனக்கு வேண்டாம்' என்று சொல்லலாம். சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பு வேண்டும்.

4. வயதைக் கூட்டினால் சரியாகிவிடுமா?

ஓய்வு பற்றி எங்கே பேசினாலும் பேச்சு வயதில் வந்து நின்றுவிடும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் 65, நமக்கு 60. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் 58ஆக இருந்தது 2020இல் 59 ஆயிற்று, 2021இல் 60 ஆயிற்று. ஆசிரியர் சங்கங்கள் 65 கேட்கின்றன. வேலைக்குக் காத்திருக்கும் பிஎச்.டி. பட்டதாரிகளிடம் கேட்டால் 58க்கே திரும்பச் சொல்வார்கள்.

அமெரிக்காவில் நிரந்தரப் பணியில் உள்ள பேராசிரியர்களுக்கு இருந்த எழுபது வயது வரம்பு 1994 ஜனவரி முதல் நாளோடு போயிற்று. அதற்குப் பின் எழுபதிலும் எழுபத்தொன்றிலும் ஓய்வு பெறுவோர் விகிதம் வெகுவாகக் குறைந்ததை ஆஷன்ஃபெல்டர், கார்டு என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2002இல் எடுத்துக்காட்டினார்கள். வரம்பை எடுத்தால் மூத்தவர்கள் நகர மாட்டார்கள் என்பது ஊகம் அல்ல, நடந்தது. கைமாற்றம் நடக்க அது உதவாது, தள்ளிப்போட உதவும்.

கேம்பிரிட்ஜ் இதற்கு எதிர்த்திசையில் போயிற்று. நியூட்டன் இருந்த லூக்காசியன் பேராசிரியர் பதவியிலிருந்து ஸ்டீபன் ஹாக்கிங் 67 வயதில், 2009இல் விதிப்படி விலகினார். உலகப் புகழுக்காக ஓராண்டு நீட்டிப்பு இல்லை. பதவி மைக்கேல் கிரீனுக்குப் போயிற்று. ஹாக்கிங் அதே துறையில் ஆய்வு இயக்குநராக 2018இல் இறக்கும்வரை இருந்தார். பதவியை விட்டார், துறையை விடவில்லை. வந்தவரும் இருந்தவரும் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள்.

நம் ஊரிலும் பதவி முடிந்த பின் வேலை முடிந்துவிடவில்லை. உ.வே.சா. சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து 1919இல் ஓய்வு பெற்றார். பெருங்கதை 1924இல் வந்தது. அதே ஆண்டு சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்று மூன்று ஆண்டு இருந்தார். தம் ஆசிரியரின் வரலாற்றை முப்பதுகளில் எழுதினார். குறுந்தொகை 1937இல் வந்தது. ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியபோது வயது எண்பத்தைந்தை ஒட்டியிருந்தது. நீலகண்ட சாஸ்திரி சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டது 1940களில். நாமெல்லாம் படித்த தென்னிந்திய வரலாறு 1955இல் வெளிவந்த நூல்.

ஆகவே வயதை நீட்டிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அறுபதில் நாற்காலியை விட்டுவிட வேண்டும். இளைஞர்கள் காத்திருக்கிறார்கள். நூலக அனுமதிச் சீட்டும் ஓர் ஓரத்து மேசையும் போதும். இந்த இரண்டையும் தர நிதித்துறையின் ஒப்புதல் தேவையில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஆசிரியர் தினத்தன்று ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கென்று ஓர் ஆய்வுதவித்தொகையை அறிவித்தது: மாதம் 50,000 ரூபாய், மூன்று ஆண்டுகள். நல்ல திட்டம். இந்தியா முழுவதற்கும் நூறு இடம்.

5. கடைசி மூன்று ஆண்டுகள்

மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிகளில் ஒரு பிரிவு இருக்கிறது. ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குக் குறைவாக உள்ள ஆசிரியர் புதிய ஆய்வாளர்களைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்கு ஓய்வு நாள் வரை நெறியாளராக இருக்கலாம். அதற்குப் பின் எழுபது வயது வரை இணை நெறியாளராகத் தொடரலாம்.

பலருக்கு இந்த விதி பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது. முன்பெல்லாம் ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஆய்வாளர் சேர்வார். நெறியாளர் போனதும் எந்தத் தொடர்பும் இல்லாத இன்னொருவர் பெயருக்கு மாற்றப்படுவார். தலைப்பையே மாற்றிக்கொண்டவர்களை அறிவேன். புதிய விதி அந்தத் துன்பத்துக்கு முடிவு கட்டியது. ஆனால் இன்னொரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டது. பேராசிரியர் ஒருவருக்கு எட்டு ஆய்வாளர் வரை அனுமதி உண்டு. கடைசி மூன்று ஆண்டுகளில் ஒருவர் பின் ஒருவராக அவர்கள் முடித்துக்கொண்டு போகப் போக, அவருக்கு நேரம் மிஞ்சுகிறது. அந்த நேரத்தில் அவர் என்ன செய்ய வேண்டும் என்று விதியில் ஒன்றும் இல்லை. நடைமுறையில் நடப்பது உங்களுக்குத் தெரியும்: அந்த நேரத்தைக் குழுக்கள் தின்றுவிடும். கொள்முதல் குழு, விசாரணைக் குழு, மூத்தவர் வேண்டும் என்று கேட்கிற இன்ன பிற குழுக்கள். ஒரு துறையிலேயே அதிகம் தெரிந்தவர், அவருக்கு மட்டுமே தெரிந்தது எதுவோ அதைச் சொல்லித்தர வேண்டிய ஆண்டுகளில், நாற்காலி கொள்முதல் ஒப்பந்தப்புள்ளிகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

6. எங்கே போயின அவர்களுடைய நூல்கள்?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உ.வே.சா. 1942இல் மறைந்தார். அவருடைய சுவடிகளும் நூல்களும் அடுத்த ஆண்டு தொடங்கிய உ.வே.சா. நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. மறைமலையடிகள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898இல் சேர்ந்தார். பட்டப்படிப்பில் தமிழ் கட்டாயம் இல்லை என்று ஆனபோது 1911இல் வெளியேறினார். ஓய்வு வயதால் முடிந்த பணி அல்ல, ஒரு கல்விக் கொள்கையால் முடிந்த பணி அது. அவர் சேர்த்த நூல்களை வைத்துச் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1958இல் சென்னையில் மறைமலையடிகள் நூலகத்தைத் தொடங்கியது. இரண்டு சேகரிப்புகளும் தப்பின. இரண்டையும் காப்பாற்றியது அவர்கள் சம்பளம் வாங்கிய கல்லூரிகள் அல்ல. அன்பர்களும் ஒரு பதிப்பகமும்தான். அத்தனை புகழ் இல்லாத ஆயிரக்கணக்கான ஆசிரியர்களின் நூல்களும் குறிப்புகளும் எங்கே போயின என்பதை, பழைய புத்தகக் கடையில் யாரோ ஒருவர் பக்க ஓரத்தில் எழுதிய குறிப்போடு ஒரு நூலை வாங்கியவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

7. ஓய்வு நாளே இல்லாதவர்கள்

இதுவரை நான் பேசியது நிரந்தரப் பணியில் இருந்தவர்களைப் பற்றி. எங்களுக்குக் குறைந்தது ஒரு கடைசி நாள் இருந்தது. மாலையும் சந்தன மாலையும் வெள்ளிக் குத்துவிளக்கும் இருந்தன. ஒப்படைக்க ஒரு பீரோவாவது இருந்தது.

நம் அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வகுப்புகளில் பெரும்பங்கு இன்று கௌரவ விரிவுரையாளர்களின் தோளில் இருக்கிறது. மே மாதம் அவர்களுக்கு ஊதியம் கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலோடு பணி முடிகிறது. ஜூனில் மறுபடி அழைப்பார்களா என்று காத்திருக்க வேண்டும். நாங்கள் ஒருமுறை அனுபவித்த பணி முடிவை அவர்கள் ஆண்டுதோறும் அனுபவிக்கிறார்கள், மாலை இல்லாமல். ஆசிரியர் தேர்வு வாரியம் 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு 2019இல் அறிவிக்கை வெளியிட்டது, அது நிறைவேறவில்லை. 4,000 இடங்களுக்கு 2024 மார்ச்சில் மீண்டும் அறிவிக்கை வந்தது. முதல் அறிவிக்கைக்கு விண்ணப்பித்தபோது முப்பத்தைந்து வயதில் இருந்தவர் இரண்டாவதற்கு விண்ணப்பிக்கும்போது நாற்பதை நெருங்கியிருப்பார். அந்த இடைவெளியில் ஓய்வு பெற்றுப் போனவர்கள் எத்தனை பேர், அவர்களை ஒருமுறையும் பார்க்காமல் அந்த இடங்களுக்கு வரப்போகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

கௌரவ விரிவுரையாளரிடம் யாரும் எதையும் ஒப்படைப்பதில்லை. ஒப்படைக்க நினைத்தாலும் முடியாது. அவர் அடுத்த ஆண்டு இருப்பாரா என்பது ஒப்படைப்பவருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இதைச் சரிசெய்யாமல் கைமாற்றம் பற்றிப் பேசுவது வீண் என்று யாரேனும் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

8. என்ன செய்யலாம்?

முதலாவது, போகிறவர் போவதற்கு ஓராண்டு முன்பே வருகிறவரை எடுக்க வேண்டும். கேள்வி நேரத்தில் நிதி அலுவலர் ஒருவர் எழுந்து 'ஒரே பணியிடத்துக்கு இரண்டு சம்பளமா?' என்று கேட்டார். அவருக்குச் சொன்ன கணக்கை இங்கேயும் சொல்கிறேன். உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். ஓராண்டுக்கு 6,92,400. பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 1,44,200. ஓராண்டுக்கு 17,30,400. அகவிலைப்படி முதலியவற்றை இரு பக்கமும் விட்டுவிடுவோம். ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்ற பின் அந்த இடம் ஓராண்டு காலியாக இருந்தால் மிச்சமாகும் தொகையில் இரண்டு உதவிப் பேராசிரியர்களை ஓராண்டு முன்கூட்டியே எடுத்துவிடலாம், மீதியும் இருக்கும். நம்மிடம் இடங்கள் ஓராண்டா காலியாக இருக்கின்றன? பணம் ஏற்கெனவே மிச்சமாகிக்கொண்டுதான் இருக்கிறது. தவறான ஆண்டில் மிச்சமாகிறது. ஓய்வு நாள் திடீரென்று வருவதும் இல்லை. பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. முப்பது ஆண்டு முன்பே தெரிந்த தேதி. அந்தத் தேதிக்கு ஓராண்டு முன்னதாகத் தேர்வை முடிப்பதற்கு ஆட்சிக்குழுவில் ஒரு தீர்மானமும் அரசிடமிருந்து ஓர் ஆணையும் வேண்டும்.

இரண்டாவது இதைவிட எளிது. 'நோ டியூஸ்' படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: 'ஆய்வுக் குறிப்புகள், களப்பதிவுகள், படிகள் இவற்றின் பட்டியல் துறை நூலகத்தில் பெறப்பட்டது.' கொடுப்பதும் கொடுக்காததும் ஆசிரியர் விருப்பம். அவை அவருடைய உழைப்பு. பட்டியல் மட்டும் கட்டாயமாகட்டும். என்ன இருக்கிறது என்று தெரிந்தால் தேவைப்படுகிறவர் தேடி வருவார்.

மூன்றாவது, ஓய்வுக்கு மூன்று ஆண்டு இருக்கிற ஆசிரியரைக் குழுக்களிலிருந்து விடுவியுங்கள். அவருக்குப் பதில் ஐம்பது வயதுக்காரர்கள் ஒப்பந்தப்புள்ளி பார்க்கட்டும்.

இவை நடக்கும்வரை நம்மால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. இந்த அரங்கில் அடுத்த இரண்டு மூன்று ஆண்டில் ஓய்வு பெறப் போகிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்கள் முகங்களைப் பார்த்தாலே தெரிகிறது. பல்கலைக்கழகம் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த அரையாண்டு விடுமுறையில் பீரோவைத் திறந்து, ஒரு நாற்பது பக்க நோட்டில், எந்த அடுக்கில் என்ன இருக்கிறது, எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, எதில் உங்களுக்கே ஐயம் என்று எழுதி, துறை நூலகரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். கௌரவ விரிவுரையாளர் ஒருவரை அழைத்து அந்த நோட்டை ஒருமுறை அவரோடு சேர்ந்து புரட்டுங்கள். ஆய்வு மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் பேராசிரியர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள், கூச்சப்படுவார்கள். நீங்கள் போய்க் கேளுங்கள். என்னுடைய பட்டியலின் படி ஒன்றைத் துறைத்தலைவரிடம் இன்று கொடுத்திருக்கிறேன். மைப்படிகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வரலாம்.